பிள்ளைக்குப் பராக்குக் காட்டுவது எப்படி?

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்ததும் எங்கள் வடபகுதி வீடுகளின் வாழ்க்கை விறாந்தைக்கு உள்ளே ஒடுங்கிவிடுகிறது. முற்றம் சேறாகிறது. காயாத உடுப்புகள் அறைக்குள் கட்டிய கொடியில் தொங்குகின்றன. பெரியவர்கள் குடையோடு வேலைக்கும் பாடசாலைக்கும் போனபின் வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் தாயும், கைக்குழந்தையும், நடை பழகும் பிள்ளையும்தான். மார்கழி முடியும்வரை பல நாட்கள் இப்படியே கழியும். மழை இல்லாத காலத்திலும் தடிமன் காய்ச்சல் வந்தால், அல்லது சித்திரை வெயில் எரித்தால் இதே நிலைதான். 2020ஆம் ஆண்டு பங்குனி மாதம் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது, சின்னஞ்சிறுசுகளை வாரக்கணக்காக நான்கு சுவருக்குள் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை எல்லாக் குடும்பங்களும் அறிந்துகொண்டன.

இந்த வேளையில் தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்றே: "சமைக்க வேண்டும், உடுப்புத் தோய்க்க வேண்டும், இந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்க எதைப் பராக்குக் காட்டுவது?" இன்று பல வீடுகளில் அதற்குக் கிடைக்கும் விடை கைத்தொலைபேசி. அதைக் கையில் கொடுத்ததும் அழுகை நிற்கிறது, வீடு அமைதியாகிறது, உலையும் கொதிக்கிறது. அப்படிச் செய்யும் தாயைக் குறைகூறுவது எளிது. ஆனால் குறைகூறுவதால் அவளுக்கு ஒரு கை உதவியும் கிடைக்கப்போவதில்லை. ஆகவே பிறந்த நாள் தொடங்கி மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே, வீட்டில் உள்ள சாமான்களைக் கொண்டே, எப்படி மகிழ்ச்சியாக வைத்திருக்கலாம் என்பதை இக்கட்டுரையில் ஒழுங்காகப் பார்ப்போம்.

பராக்கு இரண்டு வகை

பராக்கு என்ற சொல்லை நாம் இரண்டு விதமாக வழங்குகிறோம். "படிக்காமல் பராக்குப் பார்க்கிறான்" என்று சொல்லும்போது கவனம் சிதறுவதைக் குறிக்கிறோம். "பிள்ளைக்குப் பராக்குக் காட்டு" என்று சொல்லும்போது பிள்ளையின் கவனத்தை ஒன்றன்மேல் திருப்பச் சொல்கிறோம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வேலியில் இருக்கும் காகத்தைத் தாய் சுட்டிக் காட்டுகிறாள். பிள்ளை காகத்தைப் பார்க்கிறது; பிறகு தாயின் முகத்தைப் பார்க்கிறது; மீண்டும் காகத்தைப் பார்க்கிறது. "ஓம், காகம்தான், மழையில் நனைந்துபோய் இருக்கிறது" என்று தாய் சொல்கிறாள். இங்கே பிள்ளை, தாய், காகம் ஆகிய மூவரும் சேர்ந்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியின் முன்னே பிள்ளையும் திரையும் மாத்திரமே. திரை பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளை ஏதாவது சொன்னால் அதற்காகக் காத்திருப்பதும் இல்லை.

குழந்தை "ங்கா" என்கிறது. நாமும் "ங்கா" என்கிறோம். குழந்தை சிரித்துக்கொண்டு மறுபடியும் சொல்கிறது. பந்தை எறிவதும் பிடிப்பதும்போல நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் வெறும் கொஞ்சல் அல்ல. முதல் ஆண்டுகளில் மூளையின் நரம்புத் தொடர்புகள் மிக விரைவாக உருவாகின்றன. அவற்றை உறுதிப்படுத்துபவற்றுள் முதன்மையானது, பெரியவர் ஒருவர் பிள்ளையின் ஒலிக்கும் பார்வைக்கும் கைச்சாடைக்கும் திருப்பிப் பதில் கொடுப்பதே என்று குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். எனவே ஒரு விளையாட்டு நல்லதா என்று அறிய ஒரு கேள்வி போதும்: இது பிள்ளையை எங்களிடம் கொண்டுவருகிறதா, எங்களிடமிருந்து கொண்டுபோகிறதா?

எங்கள் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடுகிறது. ஏறக்குறைய 5ஆம் மாதத்தில் கையையும் முழந்தாளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. 9ஆம் மாதத்தில் இரு கையும் சேர்த்துத் தட்டுவது சப்பாணி. ஓராண்டளவில் தளர்நடையிட்டு வரும் பிள்ளையைக் கைநீட்டி அழைப்பது வருகை. அதன்பின் நிலாவைக் காட்டி விளையாட அழைப்பது அம்புலி. மாதக் கணக்கு நூலுக்கு நூல் சற்று வேறுபட்டாலும், வரிசை இன்றைய வைத்தியர்கள் சொல்லும் வளர்ச்சிப் படிகளோடு பெரிதும் ஒத்துப்போகிறது. அந்தப் பருவங்கள் பலவற்றில், ஆடு என்றும் வா என்றும் பிள்ளையை அழைக்கும் ஓர் ஆள் எதிரே இருப்பதையும் கவனிக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம்: முகமே விளையாட்டுச் சாமான்

பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரமே. மடியில் கிடத்திப் பாலூட்டும்போது தாயின் முகம் இருக்கும் தூரமும் அதுவே. ஆகவே இந்தப் பருவத்துக்கு விலைகொடுத்து வாங்கவேண்டியது எதுவுமில்லை. முகத்தை அருகே கொண்டுவந்து மெதுவாகப் பேசுங்கள், வாயைத் திறந்து காட்டுங்கள், புருவத்தை உயர்த்துங்கள், பின்பு சற்றுப் பொறுத்திருங்கள். குழந்தை பதில் சொல்ல நேரம் எடுக்கும். பலர் பொறுக்காமல் தாங்களே தொடர்ந்து பேசிவிடுகிறார்கள்.

இந்த வயதில் மங்கலான நிறங்களைவிடக் கறுப்பும் வெள்ளையும் போன்ற எடுப்பான வேறுபாடுகள் கண்ணைக் கவரும். வெள்ளைக் கடதாசியில் கரியால் தடித்த கோடுகளும் வட்டங்களும் வரைந்து பாயின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடலாம். கட்டம்போட்ட சாரம் ஒன்றைக் கதிரையில் விரித்துவிட்டாலும் குழந்தை நெடுநேரம் பார்த்துக் கிடக்கும்.

குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பாயில் குப்புறக் கிடத்துவது மிகவும் பயனுள்ளது. கழுத்தும் தோளும் முதுகும் பலப்படுகின்றன. நகரத் தொடங்காத குழந்தைக்கு இவ்விதம் ஒரு நாளில் எல்லாமாக 30 நிமிடமாவது கிடைக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஒரேயடியாக அல்ல, தொடக்கத்தில் இரண்டு மூன்று நிமிடமாகப் பலமுறை செய்யலாம். குழந்தை சிணுங்கினால் நீங்களும் அதன் எதிரே குப்புறப் படுத்து முகத்தைக் காட்டுங்கள். ஆனால் தூங்கவைக்கும்போது எப்போதும் மல்லாக்கவே கிடத்தவேண்டும். குப்புறக் கிடக்கும் குழந்தையை ஆள் பார்வையின்றி விட்டுப் போகலாகாது.

ஏணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏணை தாலாட்டி உறங்கவைக்க உதவும். ஆனால் விழித்திருக்கும் பிள்ளையை ஏணையிலோ, இருக்கையிலோ, இடுப்பிலோ தொடர்ந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அசையவிடாமல் வைத்திருத்தல் நல்லதல்ல என்பதையும் அதே வழிகாட்டி சொல்கிறது. பாயை விரித்துக் கை கால் உதைக்க விடுங்கள்.

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், கொட்டாவி விட்டால், கண்ணைக் கசக்கினால், அதற்கு விளையாட்டுப் போதும் என்று அர்த்தம். அப்போது மேலும் மேலும் கிலுக்கிக் காட்டுவது அழுகையில்தான் முடியும்.

ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை: கடகத்துக்குள் ஓர் உலகம்

பிள்ளை இருக்கப் பழகியதும் கைகளுக்கு விடுதலை கிடைக்கிறது. எதையும் பிடிக்கும், வாயில் வைக்கும், தட்டும், எறியும். வாயில் வைப்பது கெட்ட பழக்கம் அல்ல. இந்த வயதில் பொருளை அறியும் வழி அதுவே. ஆகவே தடுப்பதைவிட, வாயில் வைத்தாலும் தீங்கில்லாத சாமான்களைக் கொடுப்பதே விவேகம்.

எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற ஆங்கிலேயக் குழந்தைக் கல்வியாளர், இருக்கப் பழகி இன்னும் தவழாத பிள்ளையின் முன்னே வீட்டுச் சாமான்கள் நிறைந்த தாழ்வான கூடை ஒன்றை வைக்கும் முறையைப் பரப்பினார். எங்கள் வீடுகளில் அதற்குப் பனையோலைக் கடகம் இருக்கவே இருக்கிறது. நன்றாகக் கழுவிய மர அகப்பை, சிலும்பு இல்லாமல் உரஞ்சிய சிரட்டை, சில்வர் மூக்குப்பேணி, இடியப்பத் தட்டு, ஓலைப்பெட்டி, பால்மா ரின்னின் பிளாஸ்ரிக் மூடி, பருத்தித் துணித்துண்டு, முழுத் தோடம்பழம் ஒன்று. இவற்றிலே பத்துப் பன்னிரண்டைக் கடகத்தில் போட்டுப் பிள்ளையின் முன்னே வையுங்கள். ஒன்று குளிரும், ஒன்று மணக்கும், ஒன்று சத்தமிடும், ஒன்று பாரமாயிருக்கும். கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் பொம்மைகள் எல்லாம் கைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். தாய் பக்கத்தில் இருந்து கீரை ஆயலாம். பிள்ளை நிமிர்ந்து பார்த்தால் புன்னகை செய்தால் போதும். "அதை எடு, இதை எடு" என்று குறுக்கிட வேண்டாம். வாரம் ஒருமுறை நாலைந்து சாமான்களை மாற்றுங்கள். ஓலையும் தட்டும் பிய்ந்திருந்தால் அகற்றிவிடுங்கள்.

இந்தப் பருவத்தின் அரசன் ஒளித்துக் காட்டும் விளையாட்டு. சேலைத்தலைப்பால் முகத்தை மூடித் திறப்பதற்குப் பிள்ளை ஏன் இத்தனை முறை சிரிக்கிறது? சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே தமது மூன்று பிள்ளைகளையே கவனித்து இதற்கு விளக்கம் கண்டார். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை, அது இன்னும் இருக்கிறது என்ற அறிவு பிள்ளைக்குச் சிறிது சிறிதாகவே வருகிறது. ஏறக்குறைய 8 மாதமளவில் துணியின்கீழ் ஒளித்த கரண்டியைத் துணியை விலக்கித் தேடத் தொடங்கும். "அம்மா மறைந்தாலும் திரும்பி வருவாள்" என்ற நம்பிக்கைக்கும் இந்த விளையாட்டு உதவுகிறது. தாய் குசினிக்குப் போனதும் பிள்ளை கத்துவதும் இதே பருவத்தில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். போகும்போது சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். "அம்மா உலையைப் பார்த்துவிட்டு வாறேன்" என்று சொல்லிப் போய், அங்கிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருங்கள்.

கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எடுத்துத் தரச் சொல்வதும், தந்ததும் மறுபடி போடுவதும் குழப்படி அல்ல. விழுந்தால் சத்தம் வருமா, அம்மா எடுத்துத் தருவாளா என்று பிள்ளை சோதனை செய்கிறது. எடுத்துக் கொடுக்கக் களைத்துவிட்டால் கரண்டிக்குப் பதிலாகத் துணிப்பந்தைக் கொடுங்கள். பாயில் எதிரெதிரே இருந்து பந்தை உருட்டி உருட்டி விளையாடலாம்.

அம்மம்மா, அப்பம்மாமாரிடம் உள்ள கைவிளையாட்டுகளை மறந்துவிடலாகாது. சாய்ந்தாட வைத்தல், கைவீச வைத்தல், சப்பாணி கொட்டுதல், உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விரலுக்கு விரல் பங்கு கொடுத்து, கைவழியே நண்டுபோல் ஏறிக் கக்கத்தில் கூச்சம் காட்டுதல் ஆகியவை எல்லாம் இந்த வயதுக்கென்றே அமைந்தவை. முடிவில் என்ன வரும் என்று அறிந்து பிள்ளை முன்கூட்டியே உடலைக் குறுக்கிச் சிரிக்கும். 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்து, பாடசாலைகளிலும் கோவில்களிலும் மர நிழல்களிலும் தங்க நேர்ந்தபோது தாய்மாரோடு கூடப்போனவை இந்த விளையாட்டுகளே. மூட்டை கட்டவேண்டிய தேவையில்லாத சொத்து அது.

ஒரு வயது முதல் மூன்று வயது வரை: ஓடவும் உதவவும் விடுங்கள்

நடக்கத் தொடங்கிய பிள்ளையை ஓரிடத்தில் இருத்த முயல்வது வீண். ஒரு வயதுமுதல் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் எல்லாமாக 180 நிமிட உடலசைவு வேண்டும் என்று முன்கூறிய வழிகாட்டி சொல்கிறது. மூன்று மணித்தியாலமா என்று மலைக்கவேண்டாம். தவழ்தல், ஏறுதல், தள்ளுதல், குனிந்து நிமிர்தல் யாவும் இதில் அடங்கும். மழை நாளிலும் இதற்கு வழியுண்டு.

தலையணைகளைப் பாயில் அடுக்கினால் ஏறி இறங்க மலை கிடைக்கும். இரண்டு கதிரைகளின்மேல் போர்வையை விரித்தால் புகுந்து வரக் குகை கிடைக்கும். கடையில் கேட்டு வாங்கிய பெரிய கடதாசி மட்டைப் பெட்டி ஒருநாள் பஸ், மறுநாள் வள்ளம், அடுத்தநாள் வீடு. பெட்டியைத் தள்ளும்போது கால் பலப்படுகிறது. உள்ளே இருந்து "பாம், பாம்" என்று ஓட்டும்போது கற்பனை வளர்கிறது. விறாந்தையில் கரிக்கோடு ஒன்று கீறி அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை தவளைபோல் பாயவும் நண்டுபோல் பக்கவாட்டில் போகவும் விரும்பும்.

இந்தப் பிள்ளைகளுக்கு நிரப்புவதும் கொட்டுவதும் தீராத ஆசை. அகன்ற பேசினில் இரண்டு அங்குலத் தண்ணீரும், ஒரு கோப்பையும், ஓட்டை போட்ட சிரட்டை ஒன்றும் கொடுத்தால் அரை மணித்தியாலம் போவது தெரியாது. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தவுடன் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து ஓர் உருண்டை கொடுத்தால் தட்டவும் உருட்டவும் பிட்கவும் விரல்கள் பழகும். உப்பு அதிகம் சேர்த்துக் குழைக்க வேண்டாம், தின்றுவிட்டால் தீங்கு. அன்றன்று குழைத்து அன்றன்றே எறிந்துவிடுங்கள். மின்சாரம் நின்ற இரவில் ரோச் லைற்றைச் சுவரில் பிடித்து, கைகளால் மானும் நாயும் பறவையும் நிழலாகக் காட்டலாம்.

இவையெல்லாவற்றையும்விடப் பிள்ளை விரும்பும் விளையாட்டு ஒன்று உண்டு. அது எங்கள் வேலை. இத்தாலிய வைத்தியரான மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு தை மாதம் உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் பகுதியொன்றில் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். துடைத்தல், ஊற்றுதல், மடித்தல் போன்ற உண்மையான வீட்டு வேலைகளில் சிறு பிள்ளைகள் எவ்வளவு ஊன்றி ஈடுபடுகிறார்கள் என்பதை அங்கே கண்டார். 1939இல் சென்னைக்கு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். அவருடைய பெயரால் எங்கள் ஊர்களிலும் சிறுவர் பாடசாலைகள் நடக்கின்றன. ஆனால் அவர் கண்ட உண்மையை வீட்டிலே நாம் கைவிட்டுவிடுகிறோம். "போ அங்காலே, வேலை செய்யவிடு" என்று விரட்டப்படும் பிள்ளைதான் பிறகு காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது.

ஒன்றரை வயதுப் பிள்ளை உருளைக்கிழங்கை ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு மாற்றும். இரண்டு வயதுப் பிள்ளை முருங்கை இலையை உருவும். காய்ந்த உடுப்பில் அப்பாவின் சேட் எது, தன்னுடைய சட்டை எது என்று பிரிக்கும். சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை வைக்கும். மூன்று வயதை நெருங்கும் பிள்ளை சிறு தும்புத்தடியால் கூட்டும். வேலை சுத்தமாக நடக்காது; நேரமும் பிடிக்கும். ஆனால் அந்த நேரம் முழுவதும் பிள்ளை அழவில்லை, எங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்கவேண்டும். "இது பெரிய கிழங்கு, இது சின்னது", "இது ஈரம், இது காய்ந்தது" என்று சொல்லச் சொல்ல, சொற்கள் பொருளோடு சேர்ந்து மனதில் பதிகின்றன.

சாப்பாட்டு நேரத்துத் தொலைபேசி

தொலைபேசி முதலில் வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான். படத்தைக் காட்டினால் பிள்ளை வாயைத் திறக்கிறது, சோற்றைத் தீத்திவிடலாம். ஆனால் தான் என்ன சாப்பிடுகிறது, வயிறு நிறைந்ததா இல்லையா என்று அறியாமலே விழுங்கும் பிள்ளை, நாளடைவில் படம் இல்லாமல் ஒரு வாயும் வாங்க மறுக்கும். பிள்ளையின் சின்னக் கை துழாவிய கூழ் அமுதத்திலும் இனிது என்னும் கருத்தைத் திருவள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். கையால் தொட்டு, பிசைந்து, முகமெல்லாம் பூசிச் சாப்பிடுவதே அந்த வயதின் விளையாட்டு. கீழே ஒரு பழைய துணியை விரித்துவிட்டு, குடும்பத்தோடு இருத்திச் சாப்பிட விடுங்கள்.

இரண்டு வயதுக்கு முன்னர் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் வேண்டாம் என்றும், 2 வயது முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த வயதுப் பிள்ளைகள் ஒரே விடயத்தைத் திரையில் பார்ப்பதைவிட நேரில் ஆளிடம் பார்க்கும்போதே நன்றாகக் கற்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கனடாவிலோ இலண்டனிலோ மத்திய கிழக்கிலோ இருக்கும் அப்பாவோடும் அப்பம்மாவோடும் முகம் பார்த்துப் பேசுவது இந்தத் தடையில் சேராது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2016இல் கூறியது. மறுபக்கத்தில் பதில் சொல்லும் ஆள் இருப்பதே காரணம். அப்போதும் பிள்ளையை மடியில் வைத்து, "அப்பா கை காட்டுகிறார், நீயும் காட்டு" என்று கூட இருந்து பேசவையுங்கள்.

ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைக்கு என்ன செய்வது? முதலில் சாப்பாட்டு நேரத்தை மீட்டுக்கொள்ளுங்கள். பிறகு தூங்கும் நேரத்தை. சில நாட்கள் அழும். வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே சொல்லில் நிற்கவேண்டும். பெரியவர்கள் தாங்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு பிள்ளைக்கு மட்டும் தடைபோட்டால் அது நிலைக்காது.

கவனிக்கவேண்டிய ஆபத்துகள்

வீட்டுக்குள் இருக்கிறது என்பதால் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று எண்ணலாகாது. மாரி காலத்தில் வீடு நெருக்கமாக இருக்கும். கைக்கெட்டும் சாமான்களும் கூடும்.

1. தொண்டையில் சிக்குபவை: கச்சான், கடலை, புளியங்கொட்டை, பொத்தான், காசு, சிறு கற்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு இவை எட்டலாகாது. பயறு போட்டுக் கிலுக்கும் போத்தல் செய்தால் மூடியை இறுக்கி ஒட்டி, ஒவ்வொரு நாளும் சோதியுங்கள்.

2. பொத்தான் வடிவப் பற்றறிகள்: பாடும் பொம்மைகளிலும் ரிமோட்டிலும் உள்ளவை. விழுங்கினால் சில மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் இருந்தாலே உடனடியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

3. நஞ்சுகள்: குடிக்கும் போத்தலில் ஒருபோதும் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை அதைக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள் அலரிக் கொட்டை இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு, குன்றிமணியும் நஞ்சு. மூத்த பிள்ளைகள் விளையாடப் பொறுக்கி வந்த கொட்டைகளைப் பாயில் விடவேண்டாம்.

4. தண்ணீர்: சில அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கக்கூடும். வாளியை வெறுமையாக்கிக் கவிழ்த்து வையுங்கள். கிணற்றடிக்குப் போகும் கதவைச் சாத்துங்கள்.

5. சேலையும் கயிறும்: ஆள் இல்லாத நேரத்தில் ஏணையை அவிழ்த்து அல்லது உயர்த்திக் கட்டிவிடுங்கள். நடக்கும் பிள்ளை அதில் கழுத்தைச் சுற்றிக்கொள்ளலாம்.

6. சில்லுப் பூட்டிய நடைவண்டிக் கதிரை: பிள்ளையை உள்ளே இருத்தி உருளவிடும் இதனால் படியில் விழுதல், அடுப்பை எட்டுதல் போன்ற விபத்துகள் நேர்வதால் கனடா 2004இல் இதன் விற்பனையைத் தடைசெய்தது. நடை பழக இது உதவுவதும் இல்லை.

தாயின் களைப்பு

மேலே சொன்னவற்றைப் படிக்கும் தாய் ஒருத்தி, "இதற்கெல்லாம் எனக்கு நேரமும் தென்பும் எங்கே?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நாள் முழுவதும் பிள்ளையோடு விளையாடவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. காலையில் கால் மணித்தியாலம், மாலையில் கால் மணித்தியாலம் முழுமனதோடு விளையாடினால், இடையில் பிள்ளை தானாக விளையாடப் பழகும். தானாக விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் குழப்பாதீர்கள். எல்லாச் சாமான்களையும் ஒரேநாளில் பரப்பாமல், பாதியைப் பெட்டியில் பூட்டி வைத்துச் சில நாட்களுக்குப் பின் எடுத்தால், பழையதும் புதிதாகும்.

இந்தப் பாரம் தாய் ஒருத்தியுடையதல்ல. வேலைவிட்டு வரும் தந்தை தேநீர் குடித்தபின் அரை மணித்தியாலம் பிள்ளையை முதுகில் ஏற்றி யானை விளையாடினால், அவருக்கும் களைப்பு ஆறும். தாய்க்கும் குளிக்க நேரம் கிடைக்கும். தாத்தா கதை சொல்லலாம். பாடசாலையால் வந்த அக்கா படப் புத்தகம் காட்டலாம். இரவுச் செபத்தின்போது ஒரு நாளைக்கு ஒருவராகச் சின்னவரை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

சில நாட்களில் பிள்ளை என்ன செய்தும் அழுகையை நிறுத்தாது. கோபம் தலைக்கேறும். அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்துக் குலுக்கவே கூடாது. மூளைக்குள் இரத்தம் கசிந்து, உயிருக்கோ கண்பார்வைக்கோ ஆபத்து வரலாம். குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் மூச்சு வாங்குங்கள். ஒருவரை உதவிக்குக் கூப்பிடுங்கள். அது பிள்ளையைக் கைவிடுவதல்ல, காப்பாற்றுவது. அழுகையோடு காய்ச்சலும் சோர்வும் பால் குடியாமையும் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிள்ளையோடு விளையாடுகிறவர்தான் அதன் வளர்ச்சியை முதலில் காண்கிறார். ஒரு வயதாகியும் மழலை ஒலிகள் இல்லை, கையைச் சுட்டிக் காட்டுவதில்லை, 16 மாதமாகியும் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துச் சொல்வதில்லை, அழைத்தால் திரும்புவதில்லை, அல்லது முன்பு செய்ததைச் செய்யாமல் விட்டுவிட்டது என்று கண்டால், "வளர்ந்தால் சரியாகும்" என்று காத்திருக்கவேண்டாம். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். எவ்வளவு வேளைக்குக் காட்டுகிறோமோ அவ்வளவுக்கு உதவி பயன்படும்.

வீட்டில் கலந்து பேசுவதற்கு

1. எங்கள் பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறது? எந்த நேரத்தில் அதை முதலில் நிறுத்தலாம்?

2. அம்மம்மாவும் அப்பம்மாவும் எங்களோடு விளையாடிய கைவிளையாட்டுகள் எவை? அவற்றுள் எத்தனை எங்களுக்கு இன்னும் தெரியும்?

3. எங்கள் கடகத்தில் எந்தப் பத்துச் சாமான்களைப் போடலாம்? பிள்ளையின் கைக்கு எட்டாமல் இன்றே அகற்றவேண்டியவை எவை?

4. மாலையில் தாய்க்கு அரை மணித்தியால ஓய்வு கிடைக்க, வீட்டில் யார் யார் எந்தெந்த நாளைப் பொறுப்பேற்பது?